மேகம் அம்பத்தூரில் இருக்கிறது

(அயனம்பாக்கத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்தக் கூட்டத்தின் நோட்டீஸில் "உவமையும் தொழில்நுட்பமும்" என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, ஏதோ கவியரங்கம் போலிருக்கிறது என்று ஒரு நண்பர் வாசலில் கேட்டாராம். கவிதை கிடையாது, பயப்படாதீர்கள். நான் பேச வந்தது செல்போனைப் பற்றி, ஆன்லைன் வகுப்பைப் பற்றி, நம் பிள்ளைகள் படிக்கிற படிப்பைப் பற்றி. ஆனால் உவமையை விட்டுவிட்டு இவற்றைப் பேச முடியாது. புதிதாக ஒரு யந்திரம் நம் வீட்டுக்குள் நுழைந்தால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? இது எதைப் போல இருக்கிறது என்று பார்க்கிறோம். தெரிந்த ஒன்றை வைத்துத் தெரியாததைப் பிடிக்கிறோம். அப்படிப் பிடித்த உவமை, பிறகு நம்மைப் பிடித்துக்கொள்கிறது. எந்தக் கேள்வியைக் கேட்கலாம், எந்தக் கேள்வி நம் வாயில் வரவே வராது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. இன்று மாலை நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

முதலில் மேகம்.

போட்டோவெல்லாம் எங்கே இருக்கிறது என்று ஒரு பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். "கிளவுட்ல ஏத்திட்டேன்" என்கிறான். ஏற்றிவிட்டானாம்! எங்கே? மேலே. கையும் தன்னையறியாமல் விட்டத்தைக் காட்டுகிறது. கிளவுட் என்றால் மேகம்தானே, அதற்கு எடை இல்லை, வாடகை இல்லை, வாட்ச்மேன் இல்லை. வானம் யாருக்குச் சொந்தம்? எல்லோருக்கும். அப்படித்தானே நினைக்கிறோம்?

அந்த மேகம் எங்கே இருக்கிறது தெரியுமா? பக்கத்தில், நாம் எஸ்டேட் என்று சொல்லும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கிறது. 1964இல் தொடங்கிய பேட்டை. லேத்தும் பிரஸ்ஸும் ஃபவுண்டரியும் ஓடிய, இன்னும் ஓடுகிற பேட்டை. அங்கே இப்போது ஜன்னல் இல்லாத பெரிய கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன. டேட்டா சென்டர் என்கிறார்கள். ஜப்பானின் என்டிடி அங்கே ஒரு வளாகம் வைத்திருக்கிறது. ரிலையன்ஸும் புரூக்ஃபீல்டும் டிஜிட்டல் ரியால்டியும் சேர்ந்து நடத்தும் நிறுவனம் 2024 ஜனவரியில் பத்து ஏக்கரில் இன்னொன்றைத் திறந்தது. அந்த ஒரு வளாகம் முழுதாக வளர்ந்தால் அதன் கொள்ளளவு 100 மெகாவாட்.

100 மெகாவாட் என்றால் எவ்வளவு? நம் கணக்கிலேயே போட்டுப் பார்ப்போம். இருபத்து நான்கு மணி நேரமும் அந்த அளவில் ஓடினால் ஒரு நாளைக்கு 24 லட்சம் யூனிட். நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிறதல்லவா? அந்த வளாகத்தின் ஒரு நாள் மின்சாரம், 24,000 வீடுகளின் இரண்டு மாத இலவச மின்சாரம். ஒரே நாள்! இதைத்தான் மேகம் என்கிறோம். கரண்ட் போனால் ஓடுவதற்கு டீசல் ஜெனரேட்டர் வைத்திருக்கிற மேகம். சூட்டைத் தணிக்க இராப்பகலாகக் குளிரூட்டிக்கொண்டே இருக்க வேண்டிய மேகம்.

இது ஏன் இங்கே வந்தது? சென்னையின் கடற்கரையில் கேபிள் கரையேறுகிறது, அதனால் வந்தது. 2002இலேயே சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலுக்கடியில் கேபிள் போட்டுவிட்டார்கள். அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வானத்தில் இருப்பதாக நாம் நினைக்கிற இணையம், பெரும்பாலும் கடல் சேற்றில் கிடக்கிறது.

இதற்கு மேகம் என்று பெயர் வைத்தது யார்? கவிஞர்கள் இல்லை, எஞ்சினியர்கள். வலைப்பின்னலைத் தாளில் வரையும்போது, தங்கள் வேலைக்குத் தேவையில்லாத பகுதி வரும். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் வளைவு வளைவாக ஒரு மேகப் படம் போட்டுவிடுவார்கள். "இதற்குள் என்ன என்று இப்போது கேட்காதே" என்பதுதான் அந்தப் படத்துக்கு அர்த்தம்.

நம் தொல்காப்பியத்தில் உவமவியல் என்று ஓர் இயலே உண்டு. பொருளதிகாரத்தில் வருகிறது. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுவதற்குத் தொல்காப்பியர் நான்கு வழி சொல்கிறார்: செயலால் ஒப்பிடலாம், பயனால் ஒப்பிடலாம், வடிவத்தால் ஒப்பிடலாம், நிறத்தால் ஒப்பிடலாம். இந்த நான்கையும் எடுத்துக்கொண்டு நம் கிளவுடை உரசிப் பாருங்கள். மேகத்தின் செயல் மழை பெய்வது. டேட்டா சென்டர் பெய்கிறதா? மேகத்தின் பயன் யாரிடமும் பில் கேட்காமல் வருவது. இங்கே மாதா மாதம் பணம் கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நிறம்? கான்கிரீட் நிறம். மிச்சம் இருப்பது வடிவம் ஒன்றுதான், அதுவும் எஞ்சினியர் தாளில் கிறுக்கிய வடிவம்! நாலில் மூன்று தேறாத உவமை. ஆனால் உலகமே அதை வைத்துத்தான் யோசிக்கிறது. கொள்ளளவு, மின்சாரம், தண்ணீர், வேலை எத்தனை பேருக்கு என்று எஸ்டேட்டில் ஒரு டயர் கம்பெனி வந்தால் நாம் கேட்டிருக்கக் கூடிய கேள்விகளை, மேகம் வந்தபோது யாரும் கேட்கவில்லை. மேகத்திடம் யார் போய் மீட்டர் ரீடிங் கேட்பார்கள்?

சரி, படிப்புக்கு வருவோம்.

இந்த அரங்கில் "கரஸ்"ல, அதாவது அஞ்சல் வழியில், படித்தவர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள். பாருங்கள், எத்தனை கைகள்! ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டே பி.காம் முடித்தவர்கள், கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகு எம்.ஏ. முடித்தவர்கள். டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல் வழிப் படிப்பைத் தொடங்கியது. நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல் வழிக் கல்வி நிறுவனம் 1981இல் வந்தது. ஒரு தலைமுறையையே பட்டதாரியாக்கிய ஏற்பாடு அது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

ஆனால் அந்த ஏற்பாட்டின் உள்ளே ஓர் உவமை உட்கார்ந்திருந்தது. படிப்பு என்பது தபால். அனுப்புகிறவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர், நடுவில் ஒரு கவர். கவர் வந்து சேர்ந்தால் படிப்பு வந்து சேர்ந்தது. மைக்கேல் ரெட்டி என்கிற அறிஞர் 1979இல் இதைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். பேச்சு, கருத்து, அறிவு எல்லாவற்றையும் நாம் குழாயில் ஊற்றி அனுப்பும் சரக்காகவே நினைக்கிறோம், அப்படி நினைப்பதால் கேட்பவர் செய்ய வேண்டிய உழைப்பு நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்றார். எத்தனை வீட்டுப் பரணில் பிரிக்காத பாடப் புத்தகக் கட்டு இன்னும் கிடக்கிறது? தபால்காரர் தம் வேலையைச் சரியாகத்தான் செய்தார்.

கரஸில் படித்தவர்களைக் கேட்டால் அவர்கள் சொல்லும் கதையெல்லாம் எங்கே நடக்கிறது? காண்டாக்ட் கிளாஸில். சனி, ஞாயிறு ஏதோ ஒரு கல்லூரிக் கட்டடத்தில், மின்விசிறி சுற்றாத அறையில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்டக்டரும் நர்ஸும் போலீஸ்காரரும் ஒரு கணக்கை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்ததை நினைவு வைத்திருக்கிறார்கள். கவரில் வந்த பக்கம் எத்தனை என்று ஒருவருக்கும் நினைவில்லை.

இந்தத் தபால் உவமை செத்துப்போய்விட்டதா? எங்கே! சட்டை மட்டும்தான் மாறியிருக்கிறது. முன்பு கவர், இப்போது வீடியோ. முன்பு "வந்து சேர்ந்ததா", இப்போது "எத்தனை பர்சென்ட் முடித்தாய்". வீடியோவுக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு ஓடுகிறது. கோடு கடைசி வரைக்கும் போனால் நூறு சதவீதம். பையன் வீடியோவை ஓடவிட்டுவிட்டுத் தெருவில் கிரிக்கெட் ஆடினாலும் கோடு ஓடும். கோட்டுக்கு என்ன தெரியும்?

நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் குறள் இப்போது வரும். மேடையேறிய தமிழன் அதைச் சொல்லாமல் இறங்கியதுண்டா? சொல்லப் போவதில்லை, உங்களுக்கே மனப்பாடம். வள்ளுவர் படிப்புக்குச் சொன்ன உவமை மணற்கேணி. அதில் தண்ணீரை யாரும் கொண்டுவந்து ஊற்றவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். தோண்டுகிறவன் கைதான் அங்கே கணக்கு. குழாய் உவமையில் இல்லாத அந்தக் கை.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். அப்போது நம் கையில் இருந்தது தபால் உவமையும் வகுப்பறை உவமையும். தனியார் பள்ளிகள் வகுப்பறையை எடுத்துக்கொண்டன. அறையில் என்னென்ன உண்டோ அத்தனையும் போனுக்குள் போயிற்று: காலை ஒன்பது மணி, வருகைப் பதிவேடு, சீருடை, "கேமராவை ஆன் பண்ணு", வரிசையாக ஏழு பீரியட். ஆறு வயதுக் குழந்தை ஆறு அங்குலத் திரையில் ஆறு மணி நேரம்! கடைசியில் 2020 ஜூலையில் மத்திய அரசு வழிமுறை வெளியிட வேண்டியதாயிற்று: எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு இரண்டு அமர்வுகளுக்கு மேல் வேண்டாம், ஓர் அமர்வு 45 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். போன் என்பது அறை இல்லை என்று அரசே வழிமுறை போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது, பாருங்கள்.

அரசு தபாலை எடுத்துக்கொண்டது. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்தது, நல்ல வேளை. பாடங்கள் அட்டவணைப்படி ஒளிபரப்பாயின. டிவி இல்லாத வீடு குறைவு என்பதால் பாடம் எட்டியது. எட்டியதா? அலை எட்டியது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாடமோ? இந்தப் பக்கத்திலேயே எத்தனை வீடுகளில் இருந்தது ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதுவும் அப்பாவின் சட்டைப் பையில் எஸ்டேட்டுக்குப் போய்விட்டது! அவர் இரவு எட்டரைக்குத் திரும்பி வந்து கைகால் கழுவி முடிக்கும்வரை பிள்ளை வாசலில் நிற்கும். பிறகு சார்ஜ் போட்டு, அன்றைய வாட்ஸ்அப் பாடங்களைத் திறந்தால் நாற்பத்தேழு செய்தி. அதில் பாதி "குட் மார்னிங்".

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இதற்கு எட்டு ஆண்டு முன்னால் வேறோர் உவமை ஓடியது. 2012இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத் தலைவர் ஜான் ஹென்னஸி, உயர்கல்வியை நோக்கி ஒரு சுனாமி வருகிறது என்றார். ஆன்லைன் படிப்பைத்தான் சொன்னார். சென்னைக்காரர்களிடம் சுனாமி என்று உவமை சொல்லக் கூடாது! 2004 டிசம்பர் 26 நமக்குத் தெரியும். சுனாமி என்று கேட்டால் மனிதன் என்ன செய்வான்? ஓடுவான். நின்று, இது யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று கேட்க மாட்டான். பல்கலைக்கழகங்கள் அப்படித்தான் ஓடின. 2012லேயே ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தைத் தொடங்கின. தலைமை தாங்கியவர் நம் ஐஐடி மெட்ராஸில் படித்த அனந்த் அகர்வால். ஐந்தாறு ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, 2017–18இல் அந்தப் படிப்புகளில் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம். நூற்றுக்கு மூன்று பேர். அலை வந்தது, கரையை நனைத்தது, போயிற்று.

அதே ஐஐடி மெட்ராஸ் 2020இல் டேட்டா சயன்ஸ் படிப்பை ஆன்லைனில் தொடங்கியபோது யாரும் சுனாமி என்று சொல்லவில்லை. அவர்கள் யோசித்தது வாசல்படியைப் பற்றி. ஜேஇஇ எழுதித்தான் உள்ளே வர வேண்டுமா? இல்லை, நான்கு வாரம் பாடம் நடத்துவோம், நடத்தியதிலிருந்து தேர்வு வைப்போம், தேறினால் உள்ளே வா என்றார்கள். தேர்வும் நேரில் வந்து எழுத வேண்டும். நடுவில் டிப்ளமோவோடு இறங்கிக்கொள்ளவும் வழி வைத்தார்கள். வாசலை நான்கு வாரம் உள்ளே தள்ளி வைத்தது சின்ன வேலையா? என் கணக்கில் அந்தச் சுனாமிப் பேச்சையெல்லாம் சேர்த்து வைத்தாலும் இதற்கு ஈடாகாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். 2021 நவம்பர் 1ஆம் தேதி ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறந்தன. 19 மாதத்துக்கு மேல் மூடிக் கிடந்த பள்ளிகள். அந்தச் சமயத்தில் எந்தச் செய்தித்தாளைப் புரட்டினாலும் ஒரு சொற்றொடர்: கற்றல் இழப்பு. கூட்டங்களில் இழப்பு, அறிக்கையில் இழப்பு, டிவி விவாதத்தில் இழப்பு. இழப்பு என்றால் என்ன தோன்றுகிறது? பர்ஸைத் தொலைத்துவிட்டோம். போனது போனதுதான். ஒரு தலைமுறையே போயிற்று என்று பேசினார்கள். சில பெற்றோர் நம்பியும்விட்டார்கள். "இவனுக்குப் படிப்பு போச்சு சார்" என்று எட்டு வயதுப் பையனைக் காட்டிச் சொன்ன தகப்பனை நான் பார்த்திருக்கிறேன். பையன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

போனதா? கணக்கைப் பார்ப்போம். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் நம் மாநிலக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளுக்குத் தேர்வு வைத்துப் பார்த்தார்கள். அவர்களிடம் 2019ஆம் ஆண்டுக் கணக்கும் இருந்தது, அதனால் ஒப்பிட முடிந்தது. 2021 டிசம்பரில் பார்த்தபோது சரிவு பயங்கரம்தான். தமிழைவிடக் கணக்கில் மோசம். ஆனால் மறுபடி சில மாதம் கழித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள், விழுந்ததில் மூன்றில் இரண்டு பங்கு எழுந்துவிட்டது! பர்ஸ் தொலையவில்லை, ஐயா. பிள்ளை வீட்டிலேயே இருந்தது.

எழுந்தது எப்படி? பெரும்பகுதி, பள்ளி திறந்ததால். அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்குக் காரணம் இல்லம் தேடிக் கல்வி என்கிறது அந்த ஆய்வு. 2021 அக்டோபர் 27இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம். ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. ஒருவருக்கு இருபது பிள்ளைகள் என்று வரையறை.

அதில் ஒரு மாலை வகுப்பை நான் அருகிலிருந்து பார்த்தேன். பெரிய இடம் ஒன்றுமில்லை, ஒரு வீட்டு மொட்டைமாடி. மணி ஐந்தே கால். பாயை விரித்துவிட்டு அந்தப் பெண் பதிவேட்டைத் திறக்கவில்லை. மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே தெருவைப் பார்த்தார். "டேய், உன் அக்கா எங்கடா?" என்று கூப்பிட்டார். "தண்ணி புடிக்கப் போயிருக்கா மிஸ்." "குடத்தை வச்சுட்டு வரச் சொல்லு, இன்னிக்கு கதை இருக்கு." அக்கா வந்தாள், ஈரக் கையோடு. கழித்தல் கணக்கு கூழாங்கல்லை வைத்து நடந்தது. ஒரு பெண் தப்பாகச் சொன்னபோது மிஸ் திருத்தவில்லை. பக்கத்தில் இருந்த சின்னப் பையன் கல்லை நகர்த்திக் காட்டினான். நடுவில் ஒரு போனும் இருந்தது. ஒரு பாட்டுக்கு அதைத் திறந்தார்கள், பாட்டு முடிந்ததும் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். போனுக்கு உரிய இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

இந்தத் திட்டத்தின் பெயரிலும் ஓர் உவமை இருக்கிறது. படிப்புக்குக் கால் முளைத்து வீடு தேடி நடந்து வருகிறது. தபாலும் வீட்டுக்குத்தான் வருகிறது, என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். தபால் முகவரியைத் தேடி வரும், ஆள் இல்லாவிட்டால் போட்டுவிட்டுப் போகும். தேடி வருகிறவர் ஆளைத் தேடுகிறார். உள்ளே ஆள் இல்லையென்றால் எங்கே என்று கேட்பார். குடத்தை வைத்துவிட்டு வரச் சொல்லுவார். ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் இந்த வகுப்புகளுக்கு அதிகம் வந்தார்கள் என்று அதே ஆய்வு சொல்கிறது. தேடினால்தானே அவர்கள் அகப்படுவார்கள்?

அப்படியென்றால் தபாலைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. அன்னா ஸ்ஃபார்ட் என்னும் கல்வியாளர் 1998இல் எழுதினார்: படிப்பைச் சொத்து சேர்ப்பதாகப் பார்க்கும் உவமை ஒன்று, நாலு பேரோடு கலந்து பழகிச் செய்வதாகப் பார்க்கும் உவமை இன்னொன்று, இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது ஆபத்து என்று. உண்மைதான். அந்த மாடி வகுப்பிலும் அச்சடித்த புத்தகம் எங்கிருந்தோ வந்து சேர வேண்டியிருந்தது. வாய்ப்பாட்டை ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென்று சேர்த்து வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். சரக்கு வராமல் சமையல் இல்லை. என் சண்டையெல்லாம், சரக்கு இறங்கியதுமே சாப்பாடு முடிந்தது என்று கணக்கு எழுதுகிறவர்களோடுதான்.

கடைசியாக, இப்போது வாசலில் வந்து நிற்கும் புது உவமை. "ஏ.ஐ. டீச்சர்" என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். சந்தா கட்டுங்கள், உங்கள் பிள்ளைக்கென்று தனி ஆசிரியர், இருபத்து நான்கு மணி நேரமும் சலிக்காமல் பதில் சொல்வார். நானும் கேட்டுப் பார்த்தேன். நன்றாகவே பதில் சொல்கிறது, கோபப்படுவதே இல்லை. அகராதி என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். சளைக்காத எடுபிடி என்றாலும் சரி. ஆசிரியர் என்று பெயர் வைத்து விற்க வந்தால், ஆசிரியரிடம் என்னென்ன கேட்போமோ அத்தனையும் கேட்க நமக்கு உரிமை உண்டு. பிள்ளை மூன்று நாளாக வகுப்புக்கு வரவில்லை என்றால் யார் கவனிப்பார்கள்? வீட்டுக்கு யார் ஆள் அனுப்புவார்கள்? பக்கத்துப் பையனோடு சண்டை போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால் அது யார் கண்ணில் படும்? பிள்ளை அதனிடம் சொன்னதெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது? அந்தக் கடைசிக் கேள்விக்கு "கிளவுடில்" என்று பதில் வந்தால் விடாதீர்கள். எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில், யார் பொறுப்பில் என்று கேளுங்கள்.

இங்கே பெற்றோர் பலர் இருக்கிறீர்கள். அடுத்த வாரம் அந்த விற்பனைப் பிரதிநிதி உங்கள் வீட்டுக்கு வந்தாலும் வருவார். உட்கார வைத்துக் காபி கொடுத்து இவற்றையெல்லாம் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் சொல்லி அனுப்புங்கள். இப்போது உங்கள் கேள்விகள். அதோ, மூன்றாம் வரிசையில் ஓர் அம்மா வெகு நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், அவரிடமிருந்தே தொடங்கலாம்.